துரை சாப்பிடும் நேரம்

சனிக்கிழமைகளில் பகல் பன்னிரண்டரைக்கு நான் துரையாகிவிடுவேன். துணுக்காய்ப் பக்கத்தில் குளக்கட்டுக்குக் கீழே ஒரு பழைய பங்களா இருக்கிறது. குளத்தைப் பெரிதாக்க வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் அதில் குடியிருந்தாராம். கூரை போய், மாடு படுத்துக் கிடந்த கட்டடத்தைத் திருத்தி ஓடு போட்டு, அந்தக் காலத்து வாழ்க்கையை இப்போது ஆட்களை வைத்து நடத்திக் காட்டுகிறார்கள். ஒருவர் குதிரைக்காரர், ஒருத்தி சமையற்காரி, நான் துரை. என் நிறத்துக்கும் துரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கோட்டு எனக்குத்தான் அளவாக இருந்தது, அவ்வளவுதான். முதல் வாரமே பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நிகழ்ச்சிக்குப் பொறுப்பான மிஸ், "துரை வெயிலுக்குள்ள நிண்டு கறுத்திட்டார்" என்று ஒருமாதிரிச் சமாளித்தார்.

துரையின் வேலை சாப்பிடுவது. நீண்ட மேசை, ஒரேயொரு கதிரை, வெள்ளைப் பீங்கான் தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி. வாசலில் ஒரு கயிறு கட்டியிருக்கும். வருகிறவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று நான் சாப்பிடுவதைப் பார்ப்பார்கள். துரை தன் தாயாருக்கு எழுதிய கடிதங்களில், ஒவ்வொரு நாளும் தனியாகவே சாப்பிட்டதாக இருக்கிறது என்று மிஸ் அவர்களுக்கு விளக்குவார். ஆகவே நான் யாரோடும் கதைக்கக்கூடாது. நிமிர்ந்து பார்க்கக்கூடாது. துரைக்குத் தமிழ் விளங்காது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதலாவது சனிக்கிழமை பிள்ளைகள் வாசலுக்கு வந்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே, "வாங்கோ பிள்ளையள், சாப்பிடுவம்" என்றது. கை பீங்கானில் இருக்கும்போது ஒருவர் வாசலில் வந்து நின்றால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் தும்மல் போல வந்துவிடும். மூன்றாவது வாரம் அதைவிட மோசம். ஒரு வயதான வாத்தியார் வெயிலில் நடந்து வந்து நின்றார். நான் எழும்பி என் கதிரையைத் தூக்கி அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. என் மகனைவிட இளையவர், ஆனாலும் நியாயமான கோபம்.

"ஐயா, கோவிக்காதேங்கோ. துரை ஒருத்தரையும் சாப்பிடக் கூப்பிடமாட்டார். இன்னொருக்கா இப்பிடி நடந்தால் வவுனியாவில இருந்து நாடக மாஸ்டரைத்தான் துரையாக் கூப்பிடவேணும்."

"இனி நடவாது பிள்ளை" என்றேன். கோட்டைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பொத்தானையும் பூட்டிக்கொண்டேன்.

இந்த வயதில் ஒரு பழைய கோட்டுக்காக இவ்வளவு பயமா என்று நினைப்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். மனைவி போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். மகன் துரையின் நாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, "அப்பா சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பான். ஓம் என்பேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்கமாட்டான், அதுவும் நல்லதுதான். வாரத்தில் ஆறு நாள் குசினியில் நின்றபடி சட்டிக்குள்ளேயே சோற்றைக் குழைத்துச் சாப்பிடுகிறவன் நான். ஒரு ஆளுக்குப் பீங்கான் எடுத்து வைத்துப் பிறகு அதைக் கழுவ என்ன விசரா எனக்கு? சனிக்கிழமை மட்டும்தான் கதிரையில் இருந்து சாப்பிடுகிறேன், மனிதர்கள் நிற்கிற இடத்தில். அவர்கள் என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, மூச்சுவிடும் சத்தமாவது கேட்கும். அதுவும் போய்விட்டால் எனக்கு வேறு ஒன்றுமில்லை. அதனால் பழகினேன். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் வாயை இறுக்கிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். அடுத்த வாரங்களில் ஒரு பிழையும் வரவில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை அது. திங்கட்கிழமை பொங்கல். சமையற்காரியாக நடிப்பவர் அன்று கோழி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"அம்மாளின்ர பொங்கல் நேரம் துரையெண்டாலும் மரக்கறிதான்."

மிஸ் ஏதோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. துரை அன்று சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார். சோற்றுப் பாத்திரம் மேசையில் எனக்கு இடப்பக்கமாக இருந்தது.

கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வான் நிறையப் பெண்கள் பங்களாவைப் பார்க்க இறங்கினார்கள். கயிற்றடியில் நின்று பார்த்தார்கள், போனில் படம் எடுத்தார்கள், மிஸ்ஸின் விளக்கத்தைக் கேட்டார்கள். நான் குனிந்தபடி சாப்பிட்டேன். சோறு முடிந்து வந்தது.

கயிறு கழலும் சத்தம் கேட்டது. என் வயது இருக்கக்கூடிய ஒரு அம்மா உள்ளே வந்துவிட்டார். நேரே மேசைக்கு வந்து பாத்திரத்து மூடியைத் திறந்து, சோற்றுக் கரண்டியை எடுத்தார்.

"கொஞ்சம் போடட்டோ?"

யாரும் அவரை அனுப்பவில்லை. ஒரு மனிதன் சாப்பிடும்போது இவ்வளவு பேர் சும்மா நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. என் மனைவியும் இப்படித்தான் கேட்பார். வேண்டாம் என்றால் இன்னொரு தரம் கேட்பார். அதற்கும் வேண்டாம் என்றால் அரைக் கரண்டி விழும். அந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டு நாலு வருடமாகிறது. போடுங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

கடைக்கண்ணால் வாசலைப் பார்த்தேன். மிஸ் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பீங்கானுக்கு மேலே கையை விரித்து மறைத்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "நோ, தாங்க் யூ" என்றேன். கண்ணாடிக்கு முன்னால் பழகிய குரல், நன்றாகவே வந்தது.

கரண்டி சிறிது நேரம் அப்படியே நின்றது. பிறகு அதைச் சத்தமில்லாமல் பாத்திரத்தில் வைத்து மூடியையும் மூடினார்.

"கோவிக்காதேங்கோ. ஆரும் கிட்ட இல்லாமல் நீங்கள் சாப்பிடுறதைப் பாக்க மனம் கேக்கேல்லை" என்று மெல்லச் சொன்னார்.

வெளியே போய்க் கயிற்றைத் தானே கொழுவினார். கூட வந்தவர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். ஒருத்தி, "அக்கா, துரைக்குத் தமிழ் விளங்காதாம்" என்றாள். எனக்கு விளங்கிய அளவு அங்கே யாருக்கும் விளங்கியிருக்காது. வெட்கமாக இருந்தது. அந்த அம்மாவுக்குப் பின்னால் ஓடவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் துரை சாப்பாட்டு மேசையை விட்டு நடுவில் எழும்பமாட்டார்.

வான் போனபின் மிஸ் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

"ஐயா, இண்டைக்குத்தான் அசல் துரை. எனக்கே உங்களை அடையாளம் தெரியேல்லை. இனி இந்த வேலை உங்களுக்குத்தான்."

"சந்தோசம் பிள்ளை" என்றேன்.

அவர் போனபின் பீங்கானைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. எனக்குப் பசி அடங்கவில்லை. சோற்றுப் பாத்திரம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நானே எடுத்துப் போட்டுச் சாப்பிட மனம் வரவில்லை.