பேசாத ஆள்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் நான்கு ஓவியர்கள், மாமல்லபுரத்துக்கு அருகே மூடிக்கிடந்த ஐஸ் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சிகள் நடத்தினோம். முதல் நிகழ்ச்சியில் என் நண்பன் உடம்பெல்லாம் களிமண் பூசிக்கொண்டு, காலை முதல் மதியம் வரை அசையாமல், பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்தவர்கள் சுவரோரம் மரியாதையாக நின்று பார்த்தார்கள்.

மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஓர் அம்மா காலிக் கூடையோடு உள்ளே வந்தார்.

"இன்னாப்பா, உடம்பு சரியில்லையா?" என்று அவனைக் கேட்டார்.

"பேச மாட்டான்மா. அதுதான் நிகழ்ச்சியே" என்றேன்.

"பேசவே மாட்டானா? எங்க வூட்ல ஒருத்தர் கீறாரு, நான் வாயத் தொறந்தாலே குறுக்க வந்துடுவாரு!"

கூடையைக் கவிழ்த்து அவனெதிரே உட்கார்ந்துகொண்டார். மருமகளில் தொடங்கி மனத்தில் இருந்ததையெல்லாம் சொன்னார். நின்றிருந்தவர்கள் மெல்ல அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கணவரின் குறட்டையை அவர் செய்துகாட்டியபோது நண்பன் முகத்துக் களிமண் விரிசல் விட்டது, வாய்விட்டுச் சிரித்துவிட்டான். நிகழ்ச்சி கெட்டதென்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அவர் இரண்டு நாத்தனார்களோடு வந்து நின்றார்.

"அந்தப் பேசாத ஆளு எங்க?"

நண்பன் களிமண் பிசைய ஓடினான்.