இடது காதில் கரகரப்பு

என் கணவருக்கு வீட்டில் இரண்டு புனிதப் பொருட்கள். ஒன்று குடும்ப வேதாகமம். இன்னொன்று அவருடைய பிளேனர் ஹெட்போன். வேதாகமத்தை நான் தொடலாம்.

"உள்ள ரெண்டு பக்கமும் காந்தம்மா. நடுவுல முடியவிட மெல்லிசா ஒரு படலம். அதுதான் டிரைவர். பட்டுச்சுன்னா போச்சு" என்று, பத்தாம் வகுப்புக்குக் காந்தவியல் நடத்தும் என்னிடமே பாடம் எடுப்பார். கேட்டுக்கொள்வேன். அவர் நாவலூர் அலுவலகத்திலிருந்து அஸ்தினாபுரம் வந்து சேர ஏழரை ஆகும். எனக்குப் பள்ளி மூன்றரைக்கே விட்டுவிடும். நடுவில் ஒரு மணி நேரம் அந்த ஹெட்போன் என்னுடையது. சர்ச் பாடகர் குழுவின் ஒலிப்பதிவைப் போட்டு, பெண்களில் கீழ்க்குரல்காரர்கள் பாடும் ஆல்டோ வரிசையில் என் குரலைத் தேடிப் பிடிப்பேன். நாளெல்லாம் பிள்ளைகளை அதட்டிய தொண்டையா இது என்று பெருமையாக இருக்கும். அவருக்குத் தெரிந்தால் அலமாரிக்குப் பூட்டு வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தை இழக்க நான் தயாராக இல்லை.

போன மாதம் ஒருநாள், ஆண்குரல்கள் கீழே இறங்கும்போதெல்லாம் இடது காதில் கரகரவென்றது. மணி ஐந்து.

இரண்டு பக்க ஒயரையும் கழற்றி இடம் மாற்றிச் செருகினேன். ஒயரில் கோளாறு என்றால் கரகரப்பு வலது காதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆக, டிரைவர்தான். காது மெத்தையைக் கழற்றினேன். தூசு தடுக்கும் துணியைத் துளைத்துக்கொண்டு ஒரு நீள முடி நின்றது. யாருடையது என்று விசாரிக்கத் தேவையில்லை. என் கணவருக்கு மண்டை பளபளக்கும்.

புருவம் திருத்தும் பிளக்கரை நீட்டினேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் டக்கென்று ஒட்டியது. காந்தத்திடம் இரும்பை நீட்டியிருக்கிறாள் காந்தவியல் டீச்சர்! மாணவன் செய்திருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன். நல்லவேளை, அது ஓரத்துச் சட்டத்தில்தான் பட்டது. மெல்ல விடுவித்துவிட்டு, துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, நுனியில் செலோடேப் சுற்றி முடியை ஒற்றி எடுத்தேன். மெத்தையை மாட்டிக் கேட்டால் துளி கரகரப்பு இல்லை. சந்தோஷத்தில் கூடவே பாடினேன்.

ஏழரைக்கு அவர் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். முகம் துக்க வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

"பழசுல டிரைவர் போயிடுச்சும்மா. நேத்து நைட்லேர்ந்து கரகரங்குது. ரிப்பேர்லாம் பண்ண முடியாது. வேற வழியில்லாம புதுசு வாங்கிட்டேன்."

நேற்று கெட்டதற்கு இன்று புதுசு! திறந்துகூடப் பார்க்கவில்லை மனுஷன். ஆனால் வாயைத் திறந்தால் மாட்டுவது நான். சோகமாகத் தலையாட்டினேன்.

"அப்ப கெட்டுப்போனத நான் வெச்சுக்கட்டுங்களா?"

"கரகரன்னு கேக்கும்மா."

"எனக்கென்னங்க தெரியப்போவுது."

அன்றிலிருந்து அவர் எதிரிலேயே, கால்மேல் கால் போட்டுக் கேட்டேன். நான் கரகரப்போடு கேட்கிறேனே என்று அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. போன ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும், புதியதை அவரே என் தலையில் மாட்டிவிட்டு என் குழுவின் பாட்டைப் போட்டார். என் குரல் எங்கோ பின்னால் போய்விட்டிருந்தது. பழசுதான் நன்றாக இருந்தது. அவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எவ்ளோ தெளிவா இருக்கு! கரகரப்பே இல்லீங்க" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப இத நீயே வெச்சுக்கோ. நான் அந்தப் பழசோட ஓட்டிக்கறேன்" என்று சொல்லி, அதை எடுத்துத் தலையில் மாட்டினார்.