என் மகள் எஸ்தர் பேசிய ஞாயிறு

ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சொல்லாம இருந்தா நான் நன்றிகெட்டவன், அதான் எழுந்து நிக்கேன். நான் ராஜபாளையத்துல ஒரு பஞ்சாலையில ஃபிட்டர். மெஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பழகினவன், அழகாப் பேச வராது.

தொண்ணூத்தொண்ணுல என் மனைவி கிரேஸ் மஞ்சக்காமாலையில போயிட்டா. டீச்சர். சபை வாலிபப் பிள்ளைகளுக்கு ஞாயிறு சாயங்காலம் துப்பறியும் கதை சொல்லுவா, எல்லாம் அவளே கட்டுனது. களவுபோன சர்ச் மணியைத் தேடி நாலு பிள்ளைங்க செண்பகத்தோப்புக் காட்டுக்குள்ள போற கதை. அதுல ஒருத்தன் சாமுவேல். வாராவாரம் சரியான எடமாப் பாத்து நிறுத்திருவா. "டீச்சர், டீச்சர்"னு பிள்ளைங்க கெஞ்சும். அந்தக் கதை பாதியில நிக்கும்போதே அவ போயிட்டா.

அன்னையிலேருந்து எங்க மக எஸ்தர் பேசலை. பதினாலு வயசு. அழவும் இல்லை. சோறு போட்டா சாப்பிடுவா, அம்புட்டுதான். மதுரை டாக்டர் வரைக்கும் காட்டியாச்சு. வீட்டுல சத்தமே இல்லாததுதான் என்னைக் கொன்னுச்சு. "ஆண்டவரே, அவளை எடுத்துக்கிட்டீர். இவளையும் எடுத்துக்காதேயும். என்னையத் திட்டவாவது வாயைத் திறக்கட்டும்"னு முழங்கால்ல நின்னு அழுதேன்.

பிள்ளைங்க கதை கேட்டு நச்சரிச்சதால ஒரு ஞாயிறு நானே சொல்ல எந்திரிச்சேன். எனக்குக் கதையாவது ஒண்ணாவது! திருடங்க துரத்துதாங்க, சாமுவேல் மலைமேல குடுகுடுன்னு ஓடுதான்னு அடிச்சுவிட்டேன். பிள்ளைங்க களுக்குன்னு சிரிச்சுது.

பின்வரிசையிலேருந்து ஒரு குரல். "அப்பா! அம்மா கதையில அவனுக்குத்தான் கால் ஒடிஞ்சிருக்கே, எப்படிப்பா ஓடுவான்?"

என் எஸ்தர்! "பொறவு என்ன ஆச்சு, நீயே சொல்லும்மா"ன்னேன்.

"மத்த மூணு பேரும் அவனைத் தூக்கிட்டுப் போவாங்க. விட்டுட்டுப் போகமாட்டாங்க. அம்மா ஆஸ்பத்திரியில எங்கிட்ட மட்டும் சொன்னாங்க."

சொல்லிட்டு ஓன்னு அழுதா. "அதையும் சொல்லிட்டா, அம்மா தந்ததுல எனக்குன்னு ஒண்ணுமே மிச்சமிருக்காதேன்னுதான்ப்பா வாயைத் திறக்கலை."

அவளைக் கட்டிக்கிட்டு நானும் அழுதேன். சபையே அழுதுச்சு.

கிரேஸ் திரும்பி வரலை. அந்த வலி இன்னைக்கும் இருக்கு. ஆனா இப்ப எஸ்தர்தான் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுதா. நானும் ஜெபத்தை விடலை. உங்க வீட்டுலயும் பேசாம ஒரு ஜீவன் உக்காந்திருந்தா சோர்ந்துபோகாதீங்க. அவர்கிட்ட கேளுங்க. கேட்டுட்டு அந்தப் பிள்ளை பக்கத்துல போய் உக்காந்து, தப்புத்தப்பாவாச்சும் ஏதாவது பேசுங்க.