நாடாப் புண்

திண்டிவனத்தில் டாக்டர் விருத்தாசலத்தின் கிளினிக்கில் பத்தொன்பது வருஷமாக ஊசி போடுகிறவள் வெண்ணிலா. நர்சுக்குப் படித்தவள் இல்லை. டோக்கன் கொடுக்கச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கை பழகி ஊசிக்கு உயர்ந்தவள். வல்லத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அதிகம் பேச மாட்டாள்.

டாக்டர் கைராசிக்காரர் என்று பெயர். நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், ஸ்டெதாஸ்கோப்பைப் புடவைக்கு மேலேயே வைத்து எடுப்பார். மணிக்கு முப்பது பேர். பெண்களும் அதற்கு மேல் காட்ட மாட்டார்கள். திரைக்குப் பின்னால் நாடாவைத் தளர்த்தச் சொல்லி ஊசி ஏற்றும் வெண்ணிலாதான் அவர்கள் இடுப்பைப் பார்க்கிற ஒரே ஆள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் களையெடுக்கவும் போகிறவர்களுக்குப் பாவாடை நாடா வியர்வையில் அறுத்து, இடுப்பைச் சுற்றிக் கறுப்பாகத் தடம் விழுந்திருக்கும். வெயில் காலத்தில் அது புண்ணாகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். நாடாப் புண்ணுக்கென்று யாரும் ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனபோது, கோட்டக்குப்பத்து இளம் டாக்டர் முஹ்சினா இரண்டு மாதம் வந்து பார்த்தார். காய்ச்சல் என்று வந்த பெண்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் அக்குள், மார்புக்கு அடி, இடுப்பு என்று ஒன்று விடாமல் பார்த்தார். ஒருநாள் கண்டாச்சிபுரத்திலிருந்து வந்தவளின் நாடாத் தடத்தை வெண்ணிலாவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"இது நாடாப் புண்ணு இல்லக்கா. நாடா அறுத்தா நீளமா இருக்கும், எரியும். இது வட்டமா, பீடி நெருப்பு வெச்ச மாதிரி கருகிக்கினு இருக்கு பாருங்க. வலியே இருக்காது."

புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த இடம் அது. நோய்க்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். உடம்பில் ஊர்கிற பூச்சி நாடா இறுக்குகிற இடத்தில் வந்து நின்று கடிக்கும். மலிவான ஒரு மாத்திரைக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்; கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கெடும். அந்த இரண்டு மாதத்தில் வெண்ணிலா அப்படி நான்கு பேரைப் பார்த்துச் சொன்னாள். நால்வரும் பிழைத்தார்கள்.

டாக்டர் திரும்பி வந்த கோடையில் அவரிடமும் ஒரு தடவை அந்தப் புண்ணைப் பற்றிச் சொன்னாள். அறை நிறைய ஆள்.

"அது மழைக்கால வியாதிம்மா. அக்னி நட்சத்திரத்துல பூச்சியே கருகிப் போயிடும். வேணும்னா நீ இங்க உக்காரு, நான் போயி ஊசி போடறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போர்வெல் தண்ணீரில் சித்திரையிலும் பச்சையாக நிற்கிற மல்லாட்டைக் கொல்லைகளை அவர் காரிலிருந்துதான் பார்த்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு எதையும் சொன்னதில்லை.

போன சித்திரையில் பாஞ்சாலி வந்தாள். வெண்ணிலாவின் தம்பி தேவாவின் மனைவி. நான்கு நாளாகக் காய்ச்சல், மண்டை இடி. டாக்டர் வைரல் காய்ச்சல் என்று சீட்டு எழுதி ஊசிக்கு அனுப்பினார். ஊசி போடக் குனிந்தபோது வெண்ணிலாவின் கை நின்றது.

"இது என்னாடி?"

"நாடாப் புண்ணு அண்ணி. உங்க தம்பி எடுத்தாந்த பாவாடை. நாடாவா அது, மாட்டுக் கவுறு."

வெண்ணிலா தொட்டுப் பார்த்தாள். வட்டமாக இருந்தது. கருகியிருந்தது. வலிக்குதா என்று கேட்டதற்குப் பாஞ்சாலி இல்லை என்றாள்.

மறுபடியும் அறைக்குள் போய்ச் சிரிப்பு வாங்கத் தைரியம் வரவில்லை. போனில் படம் எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவர் பார்த்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்தது. சீட்டை மாற்றக் கூப்பிடுவார் என்று கால் மணி நேரம் பாஞ்சாலியை உட்கார வைத்தாள். கூப்பிடவில்லை. பார்த்தும் பேசாமல் இருக்கிறார் என்றால் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று, சீட்டில் இருந்த மாத்திரைகளோடே அனுப்பி வைத்தாள். முஹ்சினா எழுதும் அந்த மலிவு மாத்திரை கீழே மெடிக்கலில் இருந்தது.

மறுநாள் பாஞ்சாலியின் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. கோடையில் புள்ளி வந்தால் அந்த ஊரில் வேறு கேள்வி கிடையாது. தேவா வாசலில் வேப்பிலை செருகிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தான்.

"ஆத்தா வந்திருக்கா. இனிமே ஊசி மருந்து ஆவாது. நீ நாலு பேரத் தொடறவ. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் இங்க வராத."

அம்மைப் புள்ளியில் நீர் கோக்கும், பூச்சிக் காய்ச்சலின் புள்ளியில் கோக்காது; நீர் கோத்திருக்கிறதா என்று கேட்டாள். அதெல்லாம் உற்றுப் பார்க்கக் கூடாது என்றான். அம்மையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இரண்டு நாள் கழித்தாள். மூன்றாம் நாள் மனது கேட்காமல் போனபோது பாஞ்சாலி வேப்பிலைப் படுக்கையில் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே துணியை விலக்கியவர் உடனே கேட்டார், இதை இதுவரை யாருமே பார்க்கவில்லையா என்று. இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது.

இந்த வருஷம் பங்குனியில், ஊரின் ஓட்டல் ஹாலில் டாக்டர்கள் கூட்டம் நடந்தது. 'கோடையில் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய தொற்றுகள்' என்று பேனர். பேசுகிறவர் டாக்டர் விருத்தாசலம். டீயும் போண்டாவும் எடுத்துக் கொடுக்க வெண்ணிலாவை வரச் சொல்லியிருந்தார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, குடிதண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை என்று திரையில் படங்கள் ஓடின. அடுத்து ஒரு இடுப்பு வந்தது. ரோஸ் கலர் நாடா, பக்கத்தில் ஒரு மச்சம், நடுவில் கறுப்பு வட்டம்.

"சித்திரையிலேயே என் கிளினிக்குக்கு வந்த கேஸ். மழைக்காலத்துலதான் வரும்னு நெனைக்காதீங்க. துணிய விலக்கிப் பாருங்க. பாத்தாதான் தெரியும்" என்றார்.

கை தட்டினார்கள். முன் வரிசையில் ஒரு சின்ன டாக்டர், அந்தப் பேஷண்ட் என்ன ஆனார் என்று கேட்டார்.

"அதுக்கப்புறம் அவங்க வரல."

"ஆறாம் நாள் செத்துட்டா சார்" என்றாள் வெண்ணிலா, டீ மேஜைக்குப் பக்கத்திலிருந்து. "என் தம்பி பொண்டாட்டி."

யாரோ கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் பொத்தானை அழுத்தினார். திரையில் கொசு வந்தது.

மறுநாள் வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தே வந்தாள். டாக்டர் கூப்பிட்டு, கோபப்படாமல், அக்கறையாகவே கேட்டார்.

"உன் தம்பி வீடுன்னு எனக்குத் தெரியாதேம்மா. அன்னைக்கே நீ ஒரு வார்த்த அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல?"

அதே வார்த்தையைத்தான் ஒரு வருஷமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு கூச்சமில்லாத வார்த்தை என்று தெரிந்தது. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

திரைக்குப் பின்னால் வானூரிலிருந்து வந்த கட்டட வேலைக்காரி ஒருத்தி, காய்ச்சலோடு, ஊசிக்கு ஒரு பக்கம் மட்டும் புடவையை இறக்கிக்கொண்டு நின்றாள். நாடாவை முழுசாக அவிழ்க்கச் சொன்னாள் வெண்ணிலா. எதற்கு, ஒரு ஊசிதானே என்றாள் அவள்.

"ரெண்டு பக்கமும் பாக்கணும்" என்றாள்.