புருவத்துக்கு மேலே ஒரு மேடு

“எங்கயாச்சும் இடிச்சிக்கினீங்களாண்ணே?” என்று மூலக்குளம் சலூன்காரர் கேட்டபோதுதான் தொட்டுப் பார்த்தேன். வலது புருவத்துக்கு மேலே ஒரு மேடு. கல்போல இருந்தது. வலியில்லை.

அதன்பின் கை அங்கேயே போனது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வில்லியனூர் சாலையில் வண்டி நின்றால் போதும், நெற்றியைத் தடவத் தொடங்கிவிடுவேன்.

டாக்டர் சொன்னதால் சிடி ஸ்கேன் (எலும்பைக் குறுக்குவெட்டாகக் காட்டும் படம்) எடுத்தோம். ‘கட்டியாக இருக்கலாம், புற்றுநோய் பரவியதா என்று பார்க்கவும்’ என்றது அறிக்கை. நிபுணரைப் பார்க்க ஒரு வாரம் ஆகுமாம்.

என் அப்பா புற்றுநோயில் இறந்தவர். அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தட்டின் முன் உட்கார்ந்து எழுந்துவிடுவேன். கடற்கரைச் சாலையில் ஒவ்வொரு கண்ணாக மூடி, எதிரே தெரியும் பலகைகளைப் படித்துப் பார்த்தேன். பார்வை போனால் வேனும் போய்விடும்.

“அப்படிப் பண்ணாதீங்க, பயமாக்கீது,” என்றாள் மனைவி கலா.

நிபுணர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “பழைய போட்டோ ஏதாவது இருக்கா?” என்றார். கலா போனில் எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினாள்.

“பாருங்க, அப்பவே இந்தப் புருவம் தூக்கலா இருக்கு. கெட்ட கட்டி இத்தனை வருஷம் பொறுமையா இருக்காது.”

கலா என் பக்கம் திரும்பினாள். “அதான் உங்க மொகம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அதற்குப் பெயர் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா (எலும்பின் இடத்தில் நார் கலந்த அரைகுறை எலும்பு வளர்வது). ஸ்கேனில் அந்த இடம் தேய்த்த கண்ணாடிபோல மங்கியிருந்தது. மற்ற எலும்புகளையும் சோதித்தார்கள். எங்கும் எதுவுமில்லை.

“அப்ப எடுத்துடலாமா டாக்டர்?”

“கண் நரம்பை அழுத்தல. இப்ப எடுக்கறதுலதான் ஆபத்து. ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம். பார்வை மங்கினாலோ வலிச்சாலோ உடனே வந்துடுங்க.”

ஸ்கூட்டரில் என் முதுகில் முகம் வைத்துக் கலா அழுதாள். எனக்கு நிம்மதி வரவில்லை. புற்றுநோய் இல்லை என்று தெரிந்தும், வெளியே எடுக்காத ஒன்றை எப்படி மறப்பது?

நீங்களும் அப்படியொரு வாரத்தில் இருந்தால், பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். பதில் வந்த பிறகும் படபடப்பு உடனே போகாது. எனக்குப் போகவில்லை.

இரண்டாவது ஸ்கேனில் மாற்றமில்லை. இனி ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள்.

எலும்பு என்றால் ஒருமுறை வளர்ந்து முடிந்த பொருள் என்று நினைத்திருந்தேன். நான் மாலையோடு நின்ற அன்றும், மகள் பிறந்த அன்றும் அது எனக்குச் சொல்லாமல் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. இந்த நிமிடம் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஸ்கேன் வரைக்கும் நான் வேன் ஓட்டுகிறேன்.