ஒரு கை விதை: கல்வராயன் மலையில் பார்த்த கஞ்சா வேட்டை

கல்வராயன் மலைக்கு எப்படிப் போவது, ஒரே நாளில் போய்வர முடியுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முடியும். நான் போனது கார்த்திகை மாதத் தொடக்கத்தில். ஊரடங்கு தளர்ந்து பேருந்துகள் ஓட ஆரம்பித்திருந்தன, ஆனால் முகக்கவசம் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த சமயம். அலுவலகத்தில் மிச்சமிருந்த விடுப்பை எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும் என்றார்கள். ஏற்காட்டுக்குப் போய்ப் படகுக்கு வரிசையில் நிற்கிற பொறுமை எனக்கு இல்லை. மேகம் அருவியில் ஒரு குளியல், மலைத்தேன் ஒரு பாட்டில் என்று கிளம்பினேன். அருவியும் பார்க்கவில்லை, தேனும் வாங்கவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டிய பயணம்தான்.

கடலூரில் காலை ஐந்து மணிப் பேருந்து. கள்ளக்குறிச்சிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எலவனாசூர்கோட்டையில் கணக்கு கெட்டது. உள் ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போய் மனு கொடுக்கிற போராட்டம் நடந்த நாட்கள் அவை. சாலை நிறைய ஆட்கள், கொடிகள். எங்கள் பேருந்து ஒன்றரை மணி நேரம் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் ‘இன்னிக்கு வண்டி போனா மாதிரிதான்’ என்று சொல்லிவிட்டு, இறங்கி ஊர்வலத்தோடு சேர்ந்து நடந்தார். நான் பத்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். நல்ல டீ.

கள்ளக்குறிச்சியில் மலைக்குப் போகிற பேருந்து ஒன்றும் கிளம்பவில்லை. நிலையத்துக்கு வெளியே நின்ற கார்களில் ஒன்றைப் பேசினேன். போக வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து இருநூறு. ஓட்டுநர் செல்வம், வடக்கனந்தல்காரர், நாற்பது வயது இருக்கும். பேச்சில் பஞ்சமே இல்லாத மனிதர்.

“இன்னா மேடம், மலை ஏற இன்னிக்குத்தான் நாள் பாத்தீங்களா? கீழ போராட்டம், மேல கஞ்சா ரெய்டு. சவாரியே கம்மியாப் பூட்ச்சு.”

“நீங்க ஊர்வலத்துக்குப் போகலையா?”

“எங்கண்ணன் பையன் போய்க்கினு இருக்கான். எங்க புள்ளைங்களுக்கும் ஒரு காலேஜ் சீட்டு, ஒரு வேலை கெடைக்கணும் இல்ல? நானும் போய்ட்டா வண்டி டியூ யாரு கட்றது?”

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணையை ஒட்டிப் போனதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. அடிவாரச் சோதனைச் சாவடியில் டிக்கி, பை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்கள். என் புளிச்சோற்றுப் பொட்டலத்தையும் ஒருவர் மோந்து பார்த்தார். தோட்டங்களுக்கு நடுவே கஞ்சா வளர்க்கிறார்கள் என்று அந்த மாதம் முழுக்க மலையில் தேடுதல் வேட்டை நடந்துகொண்டிருந்தது. வளைவுகள் குறுகல், ஆனால் சாலை மோசமில்லை. இருபக்கமும் மரவள்ளி, அதற்கு மேலே காடு. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் வந்த கோபமெல்லாம் கொஞ்சம் இறங்கியது.

வெள்ளிமலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு அருவிப் பக்கம் போனால் பாதையில் கயிறு கட்டியிருந்தார்கள். தேடுதல் முடியும் வரை வெளியாட்களுக்கு அனுமதி இல்லையாம். இறங்கிய கோபம் மறுபடி ஏறிவிட்டது. என் முகத்தைப் பார்த்த செல்வம், தேன் எடுக்கிற ஒரு ஊர் தெரியும், அங்கே கூட்டிப் போகிறேன் என்றார். வெள்ளிமலையிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர், கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஊர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்பது படித்தால் புரியும்.

முப்பது வீடு இருக்கும். வேலை நாளில் எல்லோரும் காடு என்று அவர்கள் சொல்கிற விளைநிலத்தில் இருக்க வேண்டிய நேரம். இங்கே ஊர் மொத்தமும் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தது. தேன் இருக்கிறதா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எழவு வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்த மாதிரி நின்றேன். திரும்பலாம் என்று காரில் ஏறும்போது ஒரு பெண் வேகமாக நடந்து வந்தாள். நாற்பது வயதுக்குள், கழுத்தில் ஒன்றுமில்லை, கையில் ஒரு துணிப்பை.

“அக்கா, டேசன் வரைக்கும் வுட்டுடுறீங்களா? பஸ்சு வரல.”

போகிற வழிதான் என்று செல்வம் சொன்னார். ஏற்றிக்கொண்டோம். அவள் பெயர் ராமாயி. பையில் மாற்றுப் புடவை இருந்தது. ஸ்டேஷனுக்குப் போகிறவள் மாற்றுப் புடவை எதற்கு எடுத்துப் போக வேண்டும்?

அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆடியில் விதைப்பதற்கு முன்னால் அந்த ஊரில் ஒரு முறை உண்டு. கோயில் முன்னால் ஒரு பெரிய கூடை வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு கை விதை அதில் போட வேண்டும். சாமை, சோளம், துவரை, அவரை, எது இருக்கிறதோ அது. பூசை முடிந்ததும் எல்லாவற்றையும் கலந்து, வீட்டுக்கு ஒரு பங்கு திருப்பித் தருவார்கள். அதைத் தங்கள் விதையோடு சேர்த்து விதைப்பார்கள். ஆக, எல்லார் காட்டிலும் எல்லார் வீட்டு விதையும் முளைக்கும். கூடைக்கு வெறுங்கையோடு வருகிற வீடு ஊரில் ஒரு வீடாகவே இருக்காது.

அந்த ஆடியில் ராமாயி வீட்டில் விதை இல்லை. ஊரடங்கில் கீழே கூலிக்குப் போக முடியாமல், விதைக்கு வைத்திருந்த சாமையை அவளும் மகளும் காய்ச்சிக் குடித்துவிட்டார்கள். கேட்டால் யாராவது கொடுத்திருப்பார்கள். விதைச் சாமையைத் தின்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கூரையில் ஒரு முடிச்சு இருந்தது. செத்துப்போன புருஷனிடம் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு வியாபாரி ஒருவன் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன கஞ்சா விதை.

“பழசு, மொளைக்காதுன்னு நெனச்சேன்க்கா. கை நெறைய இருந்தாப் போதும், கூடைல வுட்டுடலாம்னு...” என்று நிறுத்தினாள். “அத்தினியும் மொளைச்சிப் பூட்ச்சு.”

முப்பது காட்டிலும் துவரைக்கு நடுவே பத்தும் பதினைந்துமாக நின்றது. களை எடுக்கும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் வீட்டு விதை என்பதும் தெரிந்துவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போலீஸ் வந்து பார்த்தது. ஊரே சேர்ந்து பயிரிட்டிருக்கிறது என்று முடிவு கட்டியது. அதற்குள் ஊர்வலப் பாதுகாப்புக்குக் கீழே வரச் சொல்லி அழைப்பு வந்ததால், வெள்ளிக்கிழமை வருவோம், ஒரு செடி நின்றாலும் வீட்டுக்கு ஒரு ஆள் மேல் வழக்கு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். நான் போனது செவ்வாய்க்கிழமை.

“அடப் பாவமே, பிடுங்கிப் போட்டால் முடிந்தது. அதற்கு ஒரு பஞ்சாயத்தா?” என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு.

“எப்டிக்கா புடுங்கறது? கூடைல வந்ததாச்சே.”

கூடையில் வந்த விதை எதுவானாலும், முதல் கதிரைச் சாமிக்கு வைக்கும் வரை பிடுங்கவோ வெட்டவோ கூடாது. தானாக முளைத்ததுதான் களை. கூடையில் வந்தது பயிர். சாமை முற்ற இன்னும் மூன்று வாரம் இருந்தது. பால் கதிரை அறுத்துச் சாமிக்கு வைத்தால் மொத்த வெள்ளாமையும் பதராகிவிடும் என்பது அவர்கள் பயம். வருஷத்துச் சோற்றைப் பணயம் வைக்க ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டருக்கு மனமில்லை. ஆளை ஜெயிலுக்கு அனுப்பவும் மனமில்லை. இரண்டு நாளாக அந்தக் கோயில் முன்னால் இதே பேச்சுதான். அதனால் ராமாயியே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: நான்தான் போட்டேன், என்னை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

“மகள்?” என்றேன்.

“பத்தாவது படிக்குது. எங்க நாத்துனா பாத்துக்கும்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் ஒரே ஒரு பெண் காவலர் இருந்தார். மற்ற எல்லோரும் கீழே பாதுகாப்புக்குப் போயிருந்தார்கள். ராமாயி நின்றபடியே முழுவதையும் சொன்னாள். அந்தப் பெண் எழுதவில்லை, தடுக்கவுமில்லை.

“வெதை குடுத்தவன் பேரு?”

“தெரியாதும்மா. அவரு செத்துப் பூட்டாரு.”

“அப்ப மாட்டப் போறது நீ மட்டுந்தான்.” எழுந்து வந்து தண்ணீர்ச் சொம்பை ராமாயி கையில் கொடுத்தார். “இன்னா பாரு. நான் ஒருத்தி காவலுக்கு இருக்கேன். அய்யா வந்தாத்தான் எழுதுவாங்க. வெள்ளிக்கிழமை செடி நின்னா ஒரு பேச்சு, நிக்கலன்னா ஒரு பேச்சு. நீ வந்தத நான் பாக்கல. வூட்டுக்குப் போ.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்கதான் கூட்டினு வந்தீங்களா மேடம்? நீங்களே கூட்டினு போங்க” என்றார். அதட்டல்தான், ஆனால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

திரும்பும் வழியெல்லாம் ராமாயி அழுதாள். ஜெயிலுக்குப் போகத் துணிந்தவளுக்கு ஊருக்குத் திரும்பத் துணிச்சல் இல்லை.

மண்பாதை முடிகிற இடத்திலேயே புகை தெரிந்தது. ஊர்க்காரர்கள் காடு காடாக இறங்கிச் செடியைப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கோயில் முன்னால் ஒரு முறத்தில் பச்சைச் சாமைக் கதிர். கிள்ளினால் பால் வரும் கதிர். ராமாயி பையோடு காரில் ஏறிப் போனதைப் பார்த்த பிறகுதான் ஊர்க்கவுண்டர் எழுந்து அரிவாளை எடுத்தாராம். மூன்று வாரம் முன்கூட்டியே சாமிக்குக் கதிர் வைத்துவிட்டார்கள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “எங்க போன?”

“டேசனுக்கு.”

“போயி?”

“ஆளில்ல.”

“நல்லதாப் பூட்ச்சு. ஒரு கை வெதைக்கு ஒரு ஆளத் தூக்கிக் குடுத்துட முடியுமா? ஊர்க் கூடை, ஊர்க் குத்தம். பையை வூட்ல வெச்சிட்டு வா. உன் காடு மட்டுந்தான் பாக்கி நிக்குது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ராமாயி காட்டில் இறங்கினேன். நான் பிடுங்கிய முதல் செடி துவரை என்று பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்று அந்த ஊரில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். மாலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஏழே காலுக்குக் கள்ளக்குறிச்சி வந்தேன். காத்திருந்த நேரத்துக்குச் செல்வம் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை.

கஞ்சா வேட்டையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் அதனால் சீரழிந்ததைப் பார்த்தவள் நான். ஆனால் மலை மலையாக ஏறி இறங்கிய அந்த வேட்டை, விதையைக் கொடுத்தனுப்பிய கீழ்நாட்டு வியாபாரி ஒருவன் வீட்டுக் கதவையாவது தட்டியதாக நான் கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டால் இங்கேயே எழுதுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மழை முடிந்து தை வரை நல்ல காலம். கிளம்பும் முன் அருவி திறந்திருக்கிறதா என்று கள்ளக்குறிச்சியிலேயே விசாரித்துவிடுங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அடையாள அட்டை கட்டாயம். மாலைப் பேருந்தை நம்பி இருக்காதீர்கள். வழியில் யாராவது எதையாவது பொட்டலமாகக் கொடுத்துக் கீழே கொண்டுபோகச் சொன்னால், அது தேனாகவே இருந்தாலும் வாங்காதீர்கள். காட்டுக்குள் நின்று படம் எடுக்காதீர்கள். உங்கள் படத்தில் பின்னால் நிற்கிற செடிக்கு வேறு யாரோ பதில் சொல்ல வேண்டி வரும்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் செல்வம் போனில் சொன்னார். அதிகாரி வந்து முப்பது காட்டையும் நடந்து பார்த்தார். குழியும் சாம்பலும்தான் இருந்தன. விதை யார் கொண்டுவந்தது என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: கூடையில் வந்தது. கடைசியில் எரிச்சலில் அந்தக் கூடையையே ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வழக்கு இல்லை. பிறகு அறுத்தபோது சாமை அவர்கள் பயந்த அளவுக்குப் பதராகவில்லை, ஆனாலும் விளைச்சல் குறைவுதான். பால் கதிர் அறுத்ததால்தான் என்று ஊரே நம்புகிறது. அதற்காக ராமாயியை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லையாம்.

போன மாதம் ஆடி விதைப்பு. செல்வம் அந்தப் பக்கம் சவாரி போயிருக்கிறார். கோயில் முன்னால் புதுக் கூடை. வீட்டுக்கு ஒரு கையாக எல்லோரும் போட்டிருக்கிறார்கள். ராமாயியும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததை அவிழ்த்துப் போட்டாளாம்.

“சாமைதானா, யாராவது பார்த்தார்களா?” என்று கேட்டேன்.

“யாரும் கைய வுட்டுக் கௌறல மேடம்” என்றார் செல்வம். “கலந்தாங்க, பங்கு போட்டாங்க, எடுத்துக்கினு பூட்டாங்க.”