மூச்சுக் காசு

ராமநாதபுரத்தில் பல் டாக்டர்களுக்கெல்லாம் காளிதாஸைத் தெரியும். அவர் செய்த பல்லை வாயில் வைத்துக்கொண்டு கறி தின்கிறவர்களுக்குத்தான் தெரியாது. டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். காளிதாஸ் அதைப் பார்த்து மெழுகில் ஒரு பல் செதுக்குவார். அதைச் சுற்றி வார்ப்பு மாவைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டு, உலையில் வைத்து மெழுகை உருக்கி ஓட்டிவிட்டு, அது விட்டுப்போன பள்ளத்தில் உலோகத்தைப் பாய்ச்சுவார். கேணிக்கரையில் ஒரு மாடியறை, ஒரு உலை, நாலு மேசைவிளக்கு, அவ்வளவுதான் லேப். பொய்ப்பல் மெய்ப்பல் மாதிரியே அமைந்துவிட்டால் யாரும் பாராட்ட மாட்டார்கள், பாராட்ட வேண்டிய பொருள் ஒன்று அங்கே இருப்பதே தெரியாது. பொய்யென்று தெரிந்துவிட்டால் மட்டும் போன் வரும். இப்படிப் பாராட்டுக்கே வழியில்லாத தொழிலில் பாதி வயதைக் கழித்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அதே உலையில் காசு வார்த்தார் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

காசு என்றால் நம் காசு இல்லை. எந்த நாட்டுக் காசும் இல்லை. வெளிநாட்டு விஞ்ஞானப் படங்களில் ஆட்கள் கிரகம் விட்டுக் கிரகம் போகிறார்கள். எவ்வளவு தூரம் போனாலும் அங்கேயும் ஒரு கடை இருக்கிறது, கடைக்காரன் இருக்கிறான், காசு கேட்கிறான். அந்தக் காசு திரையில் கண்ணைச் சிமிட்டும் நேரம் வந்துபோகும். காளிதாஸ் படத்தை அங்கே நிறுத்திவிடுவார். கதை எப்படி முடிகிறது என்று தெரியாத படங்கள் அவருக்கு நிறைய உண்டு.

இப்படிப் பார்த்துப் பார்த்துக் காசு செய்கிறவர்களும் சேர்க்கிறவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். போலந்தில் ஒருவர், பிரேசிலில் ஒருவர். இவர் ஒன்று செய்து அனுப்பினால் அவர்கள் ஒன்று செய்து அனுப்புவார்கள். செவ்வாய்க் கிரகத்து நோட்டு, கண்ணாடிக் காசு, நடுவில் நூல் கோத்த காசு எல்லாம் தபாலில் வரும். தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது, “என்ன சார், மறுபடியும் செவ்வாயா?” என்பார்.

காளிதாஸுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது மூச்சுக் காசு. அதிகம் பேர் பார்க்காத ஒரு படம். நிலவில் ஒரு குடியிருப்பு, அங்கே காற்று விலைக்கு. ஒரு காசு போட்டால் ஒரு மணி நேரத்து மூச்சு. அந்தக் காசின் அளவு என்ன என்று சேர்க்கிறவர்களுக்குள் ரொம்ப நாள் சண்டை. காளிதாஸ் தீர்த்துவைத்தார். படத்தில் ஒருத்தி காசைக் கடித்துப் பார்க்கிறாள். மேல்வரிசை முன்பல் எவ்வளவு அகலம் இருக்கும் என்று காளிதாஸுக்குத் தெரியாதா? பல்லை வைத்துக் காசை அளந்தார். பிறகு பித்தளையில் வார்த்து, பழசாகத் தெரிய வேண்டும் என்று ஊரிலிருந்து உவர்மண் கொண்டுவந்து, நனைத்து, அதில் புதைத்துவைத்தார். எடுத்தபோது கருப்பேறி, ஓரம் அரித்தாற்போலவும் எழுத்து தேய்ந்தாற்போலவும் ஆகி, ஆண்டாண்டு காலம் புழங்கியது போல இருந்தது. நிலவில் நம் உவர்மண் கிடையாதே என்று கேட்கிற அளவுக்குப் போலந்துக்காரருக்கு விவரம் போதவில்லை. மெச்சி எழுதினார்.

மெச்சாதவர் அவருடைய அய்யா. திருப்பாலைக்குடிக்கு மேற்கே உள்ளடங்கிய ஊரில் மிளகாய் போடுகிற செல்லச்சாமி. கமிஷன் கடைத் தராசை நம்பாமல் மூட்டையை வீட்டிலேயே ஒருமுறை நிறுத்துக்கொண்டு போகிற மனுசர். மழை வரும் என்று டிவியில் சொன்னால் பொய். கோயில் வளைவில் கட்டிய பிளாஸ்டிக் மாவிலை பொய். மகன் செய்கிற காசு பெரும்பொய். ஆனால் அவர் வாயிலிருந்த மேல்வரிசை முழுக்க மகன் கட்டியது.

“அதுவும் பொய்தானய்யா?” என்று காளிதாஸ் ஒருமுறை மடக்கினார்.

“அது கடிக்குதுல்ல? கடிக்கிற பல்லு எப்பிடிலே பொய்யாகும்? ஒன் காசு எங்கனயாவது செல்லுமா?”

மூச்சுக் காசைக் கையில் கொடுத்து விளக்கியபோது மட்டும் செல்லச்சாமி கொஞ்ச நேரம் யோசித்தார். “காத்துக்கு வெலையா? நம்மூர்ல தண்ணிக்குப் போட்டாய்ங்க. அங்கனயும் நம்மாளு எவனாச்சும் போயிருப்பான்” என்றார். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

டவுன் வீட்டில் இடமில்லை என்று மனைவி மாரிச்செல்வி சொல்லிவிட்டதால், சேகரிப்பு முழுக்க ஊர் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரியில் இருந்தது. செல்லச்சாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சாமி விளக்குக்குப் பக்கத்தில் அந்த அலமாரி வரக் கூடாது.

ஐப்பசியில் ஒரு காலை, வரப்பில் போன செல்லச்சாமி அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

தகவல் வந்து, பஸ் பிடித்து, காளிதாஸ் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டாயிற்று, குளிப்பாட்டிப் பெஞ்சில் கிடத்தியாயிற்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனவர் கண்ணில் முதலில் பட்டது அய்யாவின் முகம் இல்லை. நெற்றியில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் ஒட்டவைத்திருந்த காசு. அவருடைய மூச்சுக் காசு. முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தார். அந்த வரிசையை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டார்.

தலைமாட்டில் சித்தப்பா சின்னச்சாமி நின்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். “சேதுபதி மகாராசா காலத்துக் காசு. இந்தா பாருங்க, சூலம் தெரியுது. எங்க தாத்தன் வழியில வந்தது. அண்ணன் வெளியில சொல்லாம வச்சிருந்திருக்காரு.” வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, செத்தாலும் இப்படிச் சாக வேண்டும் என்கிற தோரணையில் நிமிர்ந்தார்கள்.

காளிதாஸ் அக்கா பாண்டியம்மாளை அடுப்படிப் பக்கம் கூட்டிப்போனார். “அக்கா, அந்தக் காசு எங்கன எடுத்த?”

“ஒன் அலமாரிலதான். ஒரு ஒத்த ரூவா காசு இல்லடா இந்த ஊர்ல! பூராப்பேரும் போனத் தட்டுறாய்ங்க. கடைக்காரன் சில்லறைக்கு மிட்டாய் குடுக்குறான். மிட்டாயவா அய்யா நெத்தியில ஒட்டுறது? ஒன்கிட்ட அம்புட்டுக் காசு கெடக்கு, அதுல இது ஒண்ணுதான் நம்ம நாட்டுக் காசாட்டம் இருந்துச்சு.”

“அது காசில்லக்கா.”

“பழசுன்னா என்ன, காசுதான?”

“போன வருசம் நான் செஞ்சது.”

அதற்குள் ஒரு வண்டி நிறையப் பெண்கள் வந்து இறங்கி, அக்காவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். அவள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

மயானம் வரை காளிதாஸ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். பின்னால் அய்யா வருகிறார், நெற்றியில் பொய்யை ஏந்திக்கொண்டு. வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாருக்கும் மரியாதை. அக்காவுக்குப் பேர், சித்தப்பாவுக்குப் பெருமை, ஊருக்கு ஒரு கதை. கேட்க வேண்டிய ஒருவர்தான் கேட்க மாட்டார். ஆனால் அந்த ஒருவர் தன் மிளகாயை இரண்டு முறை நிறுத்தவர்.

நெற்றிக்காசு மயானத்தில் தீ பார்க்கிறவருக்கு உரியது. முகத்தை எருவால் மூடுவதற்கு முன் அவர் எடுத்துக்கொள்வார். கூலியைப் போனிலேயே போடச் சொல்லி நம்பர் கொடுத்திருந்த சோணைமுத்து, காசுக்காகக் கையை நீட்டினார்.

“அத எடுக்காதீங்கண்ணே” என்றார் காளிதாஸ். “அது காசில்ல. நான் சினிமாக் காசு பாத்துச் செஞ்சது. எங்கனயும் செல்லாது. அய்யாவுக்கு நல்ல காசு வச்சு எடுங்க.”

சின்னச்சாமி முன்னால் வந்தார். “ஏலே காளி, என்ன பேசுற?”

“நெசமாத்தான் சித்தப்பா. நெலாவுல காத்து வாங்குற காசு அது.”

மயானத்தில் சிரிக்கக் கூடாது என்பதால் யாரும் சிரிக்கவில்லை. “புள்ள கலங்கிப்போயிருக்கு” என்று யாரோ சொன்னார்கள்.

“நெலாவுல காத்து வாங்குறதா?” சின்னச்சாமி மெதுவாகக் கேட்டார். “இதுக்கு வெல என்னான்னு ஒனக்குத் தெரியும். அதான?”

விலைபோகிற காசை அமுக்கப் பார்க்கிறான் என்று நினைக்கிறார்கள் என்பது காளிதாஸுக்கு அப்போதுதான் புரிந்தது. இப்போதும் ஒன்றும் கெடவில்லை. சரி, எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. “யாராச்சும் ஒரு காசு குடுங்க” என்றார்.

சட்டைப்பைகள் எல்லாம் தேடப்பட்டன. போன்கள் வந்தன. நோட்டுகள் வந்தன. காசு வரவில்லை. ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு ரோட்டுக் கடைக்குப் போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாய்வதற்குள் தீ வைக்க வேண்டும். காளிதாஸ் அய்யாவின் தலைமாட்டில் குந்தி, மொய்த்த ஈயைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

பைக் திரும்பி வந்தது. பத்து ரூபாய்க் காசு. “கேட்டதும் எடுத்துக் குடுத்துட்டான். தள்ளிவிட ஆள் கெடைக்காம இருந்திருப்பான் போல.”

சோணைமுத்து வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “தம்பி, இத பஸ்ல வாங்க மாட்டேங்கிறாய்ங்க.”

“கவர்மெண்டுக் காசுண்ணே.”

“கவர்மெண்டு பஸ்ல ஏறாதே தம்பி. நீங்க வேணாங்கிறதயே குடுங்க, நான் வச்சுக்கிறேன்.”

காளிதாஸ் தலையை ஆட்டினார். குனிந்து, அய்யாவின் நெற்றியிலிருந்து மூச்சுக் காசைப் பெயர்த்தார். சந்தனம் காய்ந்திருந்ததால் கொஞ்சம் அழுத்திப் பெயர்க்க வேண்டியிருந்தது. அதைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது. பத்து ரூபாயை வைத்தார். சோணைமுத்து அரைமனதாக எடுத்துக்கொண்டார். தீ வைத்தார்கள்.

மயானத்திலிருந்து வந்த பொருளை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. காளிதாஸ் பிறகு லேபுக்குப் போனதும் காசை ஆசிட்டில் போட்டு அலசினார். கருப்பு போயிற்று, உவர்மண் ஏற்றிய கறை போயிற்று, புதுப் பித்தளையாகப் பளபளத்தது. செய்துமுடித்த பிறகுதான் தன்னிடமிருந்த ஒரே சாட்சியையும் கழுவிவிட்டது உறைத்தது. காரியத்தன்று சின்னச்சாமியிடம் காட்டியபோது அவர் கையில்கூட வாங்கவில்லை. “அது கருப்பா இருந்துச்சு. இது வெளக்கி வச்ச குத்துவெளக்காட்டம் இருக்கு. சேதுபதி காச எவன்ட்டப்பா வித்த?”

ஊருக்குள் பேச்சு முடிந்துவிட்டது: அப்பன் நெற்றிக் காசைப் பிடுங்கிக்கொண்டு செல்லாத பத்து ரூபாயை ஒட்டியவன். வாழ்நாள் முழுக்கப் பொய்யை மெய்யாகக் காட்டிப் பிழைத்த மனுசரால் இந்த ஒரு மெய்யை மெய்யென்று காட்ட முடியவில்லை. ஊர் சொன்னதை அவர் தாங்கிக்கொண்டார். அக்கா இலையில் சோறு வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. பரமக்குடியில் தன் வீட்டுக்குப் போன பிறகு அவள் போனை எடுக்கவே இல்லை.

கடைசியில் மாரிச்செல்வி பேசி வரவழைத்தாள். பாண்டியம்மாள் லேப் ஸ்டூலில், பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராகவே உட்கார்ந்தாள்.

“ஒண்ணும் சொல்லலக்கா. சும்மா பாரு.”

மூச்சுக் காசுக்கென்று செய்துவைத்திருந்த அச்சில் மெழுகை ஊற்றி எடுத்தார். மாவைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டார். உலையில் வைத்தார். மெழுகு ஓடிய வாடை அறையெல்லாம் அடித்தது. பித்தளை உருகிப் பாய்ந்தது. ஆறியதும் சுத்தியலால் தட்டினார். மாவு உதிர்ந்து, உள்ளிருந்து காசு வந்தது. அராவி, ஆசிட்டில் அலசி, துடைத்து, அக்காவின் வலது கையில் வைத்தார். பழையதை எடுத்து இடது கையில் வைத்தார்.

பாண்டியம்மாள் ரெண்டையும் ஒரே உள்ளங்கையில் போட்டுப் புரட்டினாள். விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தாள். மறுபடி புரட்டினாள்.

“அப்ப நீ திருடலையாடா?”

“இல்லக்கா.”

“நான்தான் அய்யாவப் பொய்க் காசோட படுக்கவச்சிருக்கேன்.”

“நீ என்னக்கா பண்ணுவ? வேற காசில்லையே.”

அவள் அழவில்லை. இரண்டு காசும் கிடந்த உள்ளங்கையை நீட்டினாள். “அய்யா நெத்தியில இருந்தது எது? அத எனக்குக் குடு.”

காளிதாஸ் பார்த்தார். ஒரே அச்சு, ஒரே உலோகம், ஒரே ஆசிட். ஒரு பல்லில் ஊசிமுனைக் குமிழி இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண், அந்த இரண்டு காசிலும் வித்தியாசம் காணவில்லை. பூதக்கண்ணாடி மேசைமேலேயே கிடந்தது. எடுக்கவில்லை.

“இது” என்று ஒன்றைத் தொட்டார்.

“நெசமாவா?”

“நெசந்தான்க்கா.”

அவள் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றி, முந்தியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். “போன் போடு, எடுக்குறேன்” என்றாள்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த காளிதாஸ், மற்றதை உலோகம் உருக்கும் மூசையில் போட்டு உலையை மூட்டினார்.